ஒன்றரை மடங்கு

"குழாயைக் கொஞ்சமாத் திறந்தா தண்ணி கண்ணாடிக் கம்பி மாதிரி விழுது. இன்னும் திருகினா ஏன்டி குழம்புது?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஹைமக்கா இப்படிக் கேட்டாள். பத்தாவதோடு படிப்பு நின்றுபோன என்னிடம் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

"நிறைய வர்றதால," என்றேன்.

"எங்க ஃபேக்டரியிலயும் அதைத்தான் சொல்றாங்க," என்று சிரித்தாள். "முழுசா யாருக்கும் தெரியாதுடி."

அக்கா காக்கிநாடாவில் உரத் தொழிற்சாலை எஞ்சினீயர். அங்கே ஓடும் குழாய்களெல்லாம் அவள் பொறுப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். போட்ட கணக்கு தப்பு என்று தெரிந்தால் நானாக இருந்தால் அழுவேன். அவளுக்கு முகம் மலரும், காகிதத்தைத் திருப்பி மறுபடி ஆரம்பிப்பாள். ஹைதராபாத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கு இடம் கிடைத்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வாசலில் அவள் பெயரோடு பி.டெக். என்று பலகை மாட்டி வைத்திருந்த அப்பா, அவளோடு பேசுவதை நிறுத்தினார். கடைசியில் அவளுடைய மேலதிகாரி ராஜு சாரை வீட்டுக்கு அழைத்தார். சார் இன்னும் ராஜினாமாவை மேலே அனுப்பவில்லை. "அவர் காரணத்தோட வேண்டாம்னு சொன்னா நின்னுடறேன், நான்னா," என்று அப்பாவிடம் அக்காவும் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராஜு சார் வந்தார். நான் பச்சைப்பயறு அரைத்துப் பெசரட்டுத் தோசை ஊற்றி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன்.

"முப்பது வயசுல சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காரப் போறியாம்மா? ஆன்ட்டின்னு கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும் சார். உக்கார இடம் கொடுத்தாச் சரி."

"ஃபிசிக்ஸ் படிச்சவன் எஞ்சினீயர் ஆகலையேன்னு புலம்பறான். நீ தலைகீழா நடக்கற."

"நல்லாச் சொல்லுங்க," என்றார் அப்பா.

அக்கா தண்ணீர்க் குவளையை ராஜு சார் பக்கம் நகர்த்தினாள். "சார், மூணாம் நம்பர் குழாய்க்குக் கணக்குல வர்ற அழுத்தத்தை ஒன்றரையால பெருக்கறோமே, ஏன்?"

"பெருக்காம விட்டா வெடிக்கும்."

"அது தெரியும். ஏன் ஒன்றரை? உள்ள தண்ணி என்ன பண்ணுதுன்னு தெரியாததையெல்லாம் அந்த அரைக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்கோம். எனக்கு அதைத் திறந்து பாக்கணும்."

"எனக்கு முன்னாடி இருந்தவர் கொடுத்த எண்ணும்மா அது."

"அவருக்கு?"

"அவருக்கும் முன்னாடி இருந்தவர்."

"பரம்பரைச் சொத்து," என்று அப்பா சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

"நீங்க அவர்கிட்டக் கேட்டீங்களா சார்?" அக்கா குரலில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ராஜு சார் கையிலிருந்த பெசரட்டுத் துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

"கேட்டேன். சேர்ந்த புதுசுல. வேலையைப் பாருன்னார்."

"அப்புறம்?"

"பார்த்தேன்."

நான் கொண்டுவந்த பெசரட்டை யாருக்கு வைப்பதென்று தெரியாமல் நின்றேன். சார் எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்தார்.

"சார், வேண்டாம்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க," என்றார் அப்பா.

ராஜு சார் அக்காவைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டார்.