பாலத்துக்கு அந்தப் பக்கம்

வெள்ளைத் தாளின் நடுவே தாமிரபரணி ஒரு பென்சில் கோடாக ஓடுகிறது, கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, தெருக்குழாய், கோயில், காய்கறிச் சந்தை, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, தாள் முடிகிற வரை வெறும் வெள்ளை, ஏன் அக்கா இங்க எதுவும் வரையல என்று வசுமதி கேட்கிறாள், அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதும்மா என்கிறாள் ஆவுடையம்மாள், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டவள், பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொள்கிறாள்.

வசுமதி அப்போது கரூரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து மானிடப் புவியியல் படித்துக்கொண்டிருந்தாள், படித்துக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, இயற்பியல் கிடைக்காமல் கிடைத்ததில் சேர்ந்தவள், மலையும் ஆறும் படித்து என்ன செய்வாய் என்று மாமா கேட்டபோது சிரித்து மழுப்பியவள், அந்தப் பருவத்தேர்வோடு ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவே செய்திருந்தாள். அதற்குள் இந்தக் களப்பணி வந்தது, வீடு வீடாகப் போய், வரைபடத்தைப் பார்க்காமல் அவரவர் மனதில் இருக்கும் ஊரை வரைந்து வாங்க வேண்டும், முதலில் நீங்களே வரையுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள், வசுமதியின் தாளில் விடுதி, சாப்பாட்டுக்கூடம், துறைக் கட்டடம், பேருந்து நிறுத்தம், அவ்வளவுதான் வந்தது, பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிடாமல் அதைக் கையால் மறைத்துக்கொண்டாள். ஆவுடையம்மாளின் தாளைக் கையில் வாங்கியபோது அந்த வெட்கம்தான் மறுபடி வந்தது, இல்லை, வெட்கம் இல்லை, கூட்டத்தில் சொந்தக்காரியைப் பார்த்ததுபோல ஒன்று.

அவள் கணவர் சங்கரபாண்டியன் மொபெட்டில் கடைகடையாக அப்பளம் போடுகிறவர், அவர் வரைந்ததில் முட்டுச்சந்துகள்கூட விடுபடவில்லை, மனைவியின் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார், இவளுக்கு எதுக்கும்மா அந்தப் பக்கம், வேண்டியதெல்லாம் நான் வாங்கியாந்து போட்டுருதேன்லா. கெட்ட சிரிப்பு இல்லை அது, அன்பாகத்தான் சிரித்தார், தெருமுனை வரை வழியனுப்ப வந்த ஆவுடையம்மாள் அங்கே நின்று, நீ எந்தப் பக்கம் இருக்க என்று கேட்டாள், அந்தப் பக்கந்தாங்க்கா, அப்ப என்னையக் கூட்டிட்டுப் போவியா.

வீட்டில் எப்படிச் சொன்னாள் என்பதைப் பிறகு பாலத்தில் நடக்கும்போது சொன்னாள், சோறு போட்டுக்கொண்டே சொன்னாளாம், நான் கொண்டுபோய் விடுதேன் என்றாராம் அவர், வேண்டாம், நடந்து போகணும்னு ஆசையா இருக்கு என்றாளாம், ரசம்கூட ஊற்றிக்கொள்ளாமல் அவர் கையைக் கழுவிவிட்டாராம். சொல்லிக்கொண்டே நடக்கிறாள், பாலம் பேருந்துகளுக்கு அதிர்கிறது, கீழே நாணலும் மருத மரமும், துணி துவைக்கிறவர்களும், அன்று தூறல் விழுந்ததா, ஆற்றுக்காற்று தெளித்த ஈரமா, இப்போது நினைத்தால் இரண்டுமே விழுகின்றன, பாலத்தின் நடுவில் ஆவுடையம்மாள் நின்று தன் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள், இங்கேருந்து பாத்தா நம்ம ஊரு அழகால்லா இருக்கு என்றாள், வசுமதியும் பார்த்தாள், நம்ம ஊரு என்ற சொல்லில் தன்னையும் சேர்த்துக்கொண்டாளே என்று தோன்றியது. அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில், தேவாலயத்துக்குள் போனார்கள், விடுதி அறையில் கால் நீட்டிப் படுத்தார்கள், வசுமதியே அதுவரை நுழைந்திராத தெருக்களில் வழி தவறினார்கள், தவறியதற்காக இருவருமே வருத்தப்படவில்லை, சாயங்காலம் பாலத்தின் முனையில் மொபெட்டோடு சங்கரபாண்டியன் நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாக நின்றாரோ, முகம் வாடிப்போயிருந்தது, ஆவுடையம்மாள் அவர் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வந்துருதேன் என்றாள். அவர் போனார், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

வசுமதி ஊருக்குத் திரும்பவில்லை. பெண்கள் ஓர் ஊரில் எங்கே வரை நடக்கிறார்கள், எங்கே நின்றுவிடுகிறார்கள் என்பதையே ஆய்வாக எடுத்தாள், அதற்காகத் தெருத்தெருவாகப் போய்ப் போய், கேட்காமலே அந்த ஊர் அவளுக்குள் வந்து குடியேறிவிட்டது, இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் அதையே பாடமாக நடத்துகிறாள், மாமா இன்னமும் கேட்கிறார், அவளும் இன்னமும் சிரிக்கிறாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, உலை கொதிக்கும் நேரத்தில் செல்போன் அடிக்கிறது, காந்திபுரத்துல எறங்கிட்டேம்மா என்கிறது ஆவுடையம்மாளின் குரல், பின்னால் நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுகிறார்கள், யாரு கூட வந்தீங்க என்கிறாள் வசுமதி, யாரும் இல்ல, அவுகளுக்கு ரெண்டு நாளைக்குக் கொழம்பு வச்சிக் குடுத்துட்டு வந்துருக்கேன். அங்கயே நில்லுங்க்கா, நான் வண்டி எடுத்துட்டு வந்தர்றேன் என்று வசுமதி செருப்பில் காலை நுழைக்கிறாள், நீ வராண்டாம், தெருப்பேரு மட்டும் சொல்லு, வழி கேட்டு நானே வந்துருதேன்.

வசுமதி தெருப்பெயரைச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இன்னும் ஒரு டம்ளர் அரிசி களைந்து போட்டாள்.