கஞ்சித் தொட்டியில் விழுந்த மாத்திரை

சலவைக்கடைக்காரரின் வயிற்றில் குடியிருந்த புழு, மழைக்கு முந்தின நாள் தவறாமல் இடப்பக்கமாகப் புரண்டு படுக்கும். அவரும் உடனே மாடிக்கு ஓடி, கொடியில் காயும் விடுதிப் படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். வானிலை அறிக்கை பல்லிளித்த நாட்களில்கூட அந்தப் புழு பொய் சொன்னதில்லை. கடல் குளிர்ந்து மழை பொய்த்த வருடங்களில் அது தூங்கும். அவருக்குத் தொந்தி விழும்.

பிறகு கடல் சூடான வருடம் வந்தது. மழை விட்டபாடில்லை. தெரு மண் காயவே இல்லை. வெறுங்காலோடு விளையாடிய பிள்ளைகள் வயிற்றிலெல்லாம் புழு. கடைக்காரரின் புழுவோ தினமும் புரண்டு, புரண்ட களைப்பில் மூன்று ஆள் சோற்றைத் தின்றது. மனிதர் துரும்பாக இளைத்துப்போனார். டாக்டரம்மா வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்தபோது இவர் மட்டும் முரண்டு பிடித்தார்.

"இது போயிட்டா மழை வர்றத யாரு சொல்லுவா?"

"நீங்க போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள் மனைவி. சொன்னதோடு, கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அழுதாள்.

அந்த அழுகைக்காக மாத்திரையை வாயில் போட்டு நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டார். அவள் அந்தப்பக்கம் திரும்பியதும் துப்பிவிட்டார். ஆளைப் பாருங்கள், துப்புவதற்கு அவருக்குக் கஞ்சித் தொட்டிதான் கிடைத்தது.

அந்த வாரம் மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டை அணிந்த அத்தனை பேரையும் விட்டுப் புழுக்கள் கிளம்பிப்போயின. பள்ளிப் பிள்ளைகள், பஸ் கண்டக்டர், வங்கி மேலாளர், ஏன், வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டரம்மாவுக்கே நெடுநாள் வயிற்றுவலி நின்றது. கஞ்சி படாத பனியனோடு திரிந்த கடைக்காரருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மனைவிக்குச் சங்கதி புரிந்துவிட்டது. அவருடைய நல்ல சட்டையை அதே தொட்டியில் முக்கி, தேய்த்து எடுத்து வந்தாள்.

"போட்டோ எடுக்கப் போறோம், போட்டுக்குங்க."

பொத்தான்களைக் கழுத்துவரை அவளே மாட்டிவிட்டாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்ன நேரத்தில் புழு போய்விட்டது. கடைக்காரர் சிரிக்காமல் தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்ததும் பசித்தது. அன்று தின்ற சோறு அவர் உடம்பிலேயே ஒட்டியது.

"இனிமே மழை வந்தா எப்படித் தெரியும்?"

"பெஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது," என்றாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

விரிப்புகள் இப்போது அடிக்கடி நனைகின்றன. சில வருடங்களுக்கு ஒருமுறை கடல் மறுபடி சூடாகும். அப்போது டாக்டரம்மா மாத்திரைப் பெட்டிகளை நேரே சலவைக்கடைக்கே அனுப்பிவிடுகிறார். தாய்மார்கள் பிள்ளைகளின் சீருடையை மேஜையில் வைத்து, "கஞ்சி கொஞ்சம் தூக்கலா போடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.