உதட்டுப் பேச்சு

தறிக்கூடத்தில் யாரும் குரல் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினாலும் விசைத்தறிகள் விழுங்கிவிடும். உதட்டசைவுதான் பேச்சு. எதிர்த்தறிக்காரர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டதும் அப்படித்தான். மிதக்கும் பஞ்சுத்தூசிக்கு அப்பாலிருந்து, சத்தமே இல்லாமல். நானும் சத்தமில்லாமல் தலையாட்டினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் கோடவுன் வேலைக்கு மாறிவிட்டார். ஆனாலும் வீட்டில் அதே பேச்சுதான். அடுத்த அறையில் மாமியார் இருக்கும்போது அதைவிட வசதி வேறென்ன? மாமியார் நாத்தனார் வீட்டோடு போனபிறகும் என் வீட்டுக்காரர் அதை விடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் உதடுகள் அசையும். தண்ணீருக்கடியில் குடித்தனம் நடத்துவதுபோல் இருக்கும். இந்த மனுஷனுக்கு இன்னும் காதல் தீரவில்லை என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இந்த வருடம் கூடத்துக்குச் சத்தம் அளக்கும் பெண் ஒருத்தி வந்தாள். காதுக்குப் பக்கத்தில், என் தோளில், பொத்தான் அளவு மைக் ஒன்றைக் குத்தினாள். ஷிப்ட் முழுக்க அது தறியைக் கேட்டுக்கொண்டிருந்தது. மாலையில் கழற்றிப் பார்த்தவள் முகம் மாறியது. எங்கள் வரிசைக்கே காது சோதிக்க வேண்டும் என்றாள்.

கண்ணாடி அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். தடித்த சத்தம் ஒன்றிரண்டுக்கு அழுத்தினேன். அப்புறம் அமைதி, தூக்கத்தில் கண் சொக்கியது.

"அடுத்தது எப்பம்மா போடுவே?"

"எல்லாம் போட்டு முடிச்சாச்சுக்கா," என்றன அவள் உதடுகள்.

அவள் காதை மூடும் கவசம் ஒன்றை என் மடியில் வைத்தாள். "போனது வராதுக்கா. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். முன்னாடியே அளந்திருக்கணும்."

முன்னாடி யார் அளந்தார்கள்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்குப் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "வீட்டுல நீங்க எப்பவாவது குரல் கொடுத்துப் பேசுறீங்களா?"

திருதிருவென்று விழித்தார். "அம்மா போனதிலேருந்து அப்படித்தானே பேசுறேன்? நீதான் உதட்டை மட்டும் அசைக்கிறே. உனக்கு இன்னும் அந்த ஆசை விடலைன்னு நினைச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன். அவர் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பேசுங்க."

கைக்குள் மெல்ல அதிர்ந்தது. இத்தனை காலமும் அந்தக் குரல் இந்த வீட்டிலேயேதான் இருந்திருக்கிறது.

"நிறுத்தாதீங்க," என்றேன்.