வீடியோவில் பார்த்த வீடு

"இடதா, வலதாம்மா?" ஆம்புலன்ஸ் டிரைவர் திரும்பாமலேயே கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. கதவு எண், பத்திர எண் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எந்தப் பக்கம் திரும்பினால் வீடு வரும் என்பது மட்டும் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன்னால், கடல் தாண்டிய ஊரில், மதிய இடைவேளையில் உட்கார்ந்து வாங்கிய வீடு அது. தரகர் போனைத் தூக்கிப் பிடித்தபடி அறை அறையாக நடந்து காட்டினார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அவளுக்குப் பல் செட் செய்யும் வேலை. முடியளவு பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டை மட்டும் அப்படி வாங்கிவிட்டாள்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னாடி ஹாரன் அடிக்கிறான்."

ஸ்ட்ரெச்சரில் அம்மா கண் திறந்தாள். ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் மகளையே பார்த்தன. எதையோ யோசிப்பது போலிருந்தது. பிறகு போர்வைக்கு வெளியே ஒரு விரல் எழுந்து இடப்பக்கம் சாய்ந்தது.

"இடதுங்க," என்றாள் மகள்.

முந்தாநாள் விமானத்திலிருந்து இறங்கியவள் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள். இன்று காலை டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இன்னைக்குத் தாண்டறது கஷ்டம். வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா இப்பவே போயிடுங்க" என்றார். அம்மாதான் மாட்டேனென்றாள்.

"இங்கயே கெடக்கறேன்டி. வீடு எதுக்கு இப்போ?"

"எதுக்கா? உனக்குன்னுதானே வாங்கினேன்? அந்த சன்னலோரமா கட்டிலப் போட்டுப் படுக்க வைக்கிறேன், பாரு."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சன்னலுக்காகத்தான் மகள் வீட்டையே வாங்கினாள். வெளியே வெட்டவெளி, இரண்டு மரங்கள், அதற்கப்பால் வானம். தினமும் சாயங்காலம் அம்மா அதனடியில் உட்கார்ந்துதான் வீடியோவில் பேசுவாள். தோளுக்குப் பின்னால் பச்சைத் திரை ஆடிக்கொண்டே இருக்கும். "காத்து பிச்சிக்கிட்டுப் போவுது போ" என்று சிரிப்பாள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த குரல்; என்ன உடம்பென்றாலும் அதில் காட்ட மாட்டாள். ஒருமுறை லீவு கிடைத்து மகள் புறப்பட்டபோதுகூட, "நீ எதுக்கு வர்றே? நானே வரேன், ஊரச் சுத்திக் காட்டு" என்று அம்மாதான் போய்விட்டு வந்தாள்.

தரகர் காட்டிய வீடியோவில் படிக்கட்டு வரவில்லை. திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்தவர் "தூக்கு, தூக்கு" என்றார், பின்னால் இருந்தவர் "எங்கய்யா தூக்கறது?" என்றார். அம்மாவின் தலை சரிந்தது. கீழே ஒருவர் தூக்கி வந்த ஆக்சிஜன் சிலிண்டர் கைப்பிடியில் 'டங்'கென்று இடித்தது. அவள் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மாடியில் எதிர்வீட்டுப் பெண் சாவியோடு நின்றாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள், அம்மா வாய்க்கு வாய் சொல்லும் 'லைப்ரரி'.

"வாங்க எக்ஸ்சேஞ்சம்மா, வந்துட்டீங்களா," என்றாள். அம்மா அவளைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். லைப்ரரியின் முகம் மாறியது.

உள்ளே பகலிலும் இருட்டு. மகள் சுவரைத் தடவி மூன்று சுவிட்சுகளைத் தட்டினாள். நான்காவதில்தான் விளக்கு எரிந்தது. கட்டிலில் படுக்க வைத்து, சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, நேரே சன்னலுக்குப் போனாள். பச்சைத் திரை இல்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. உள்ளங்கையால் தட்டித் திறந்தாள்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் பூசாத செங்கல் சுவர். மேலே, கீழே, எங்கும் சுவர்.

"தெறக்காதடி," பின்னாலிருந்து அம்மாவின் குரல், முகமூடிக்குள்ளிருந்து. "காத்து... தாங்காது."

அவள் திரும்பாமலே செங்கல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"ஆமாம்மா. என்னா காத்து! மூஞ்சிலயே அடிக்குது."

அம்மா அவள் முகத்தையே தேடினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

சமையலறையில் லைப்ரரி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தரகன் உங்களுக்குக் காட்டினது எங்க வீட்டு சன்னலுங்க. அப்ப நாங்க குடி வரல, காலியா கெடந்துது. உங்கம்மா வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டாங்க. தினம் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்துதான் உங்ககிட்ட பேசுவாங்க. சொல்லிடுங்கம்மான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். 'பாவம், அதுக்கு ஒரே சந்தோஷம் இந்த வீடுதான், கெடுக்காத'ன்னுடுவாங்க."

மகள் டம்ளரைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"இப்ப வேணா எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா? அவருகிட்ட சொல்லி கட்டில நகத்திடறேன். ரெண்டடிதான்."

பச்சைத் திரை, மரம், வானம். கடைசியாக அம்மா அதைப் பார்க்கலாம். மகளின் வாய் சரியென்று சொல்லத் திறந்தது.

"வேணாங்க," என்றாள். "எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

அதற்குப் பிறகு மூச்சை எண்ணுவதுதான் வேலை. ஒன்று வந்து அடுத்தது வரும்வரை அவளும் மூச்சை நிறுத்தி வைத்திருந்தாள். முள் சிவப்புக்கோட்டுக்குக் கீழே போனது. மாற்று சிலிண்டர் கொண்டுவருபவர் வழி தெரியாமல் போன் செய்தார். "இடது, அந்த முக்குல இடது," என்று கத்தினாள். அவர் படியேறும் சத்தம் கேட்டபோது அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை ஒருமுறை அழுத்தின. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். லைப்ரரி வந்து தோளைத் தொட்டபோதும் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஐந்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. நாற்காலிகள் எங்கெங்கிருந்தோ வந்தன. யாரோ தண்ணீர் கேட்டால் வேறு யாரோ எழுந்துபோய் சரியான அலமாரியைத் திறந்து சரியான செம்பை எடுத்தார்கள். அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வாசலுக்கு வந்தாள். அந்தக் கதவு விட்டால் தானாகச் சாத்திக்கொண்டது. முதுகைக் கொடுத்து நின்றாள்.

மாடியேறி இளைத்துக்கொண்டு வயதான ஒருவர் வந்தார். பழைய எக்ஸ்சேஞ்சு ஆளாக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் ஹெட்போன் மாட்டியதுபோல் ஒரு காது மடங்கியிருந்தது.

"எக்ஸ்சேஞ்சம்மா வீடு இதானேம்மா?"

"இதாங்க."

"வெளிநாட்டுப் பொண்ணு வந்துட்டுதா?"

"வந்துட்டாங்க. உள்ள போங்க."

அவர் செருப்பைக் கழற்ற இடம் தேடினார். அவள் குனிந்து, அங்கே கிடந்த செருப்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கொடுத்தாள்.