மெத்தை அலமாரியில் ஒரு பாடகி

சினாமி பாட வேண்டுமென்றால் மெத்தை அலமாரிக்குள் போக வேண்டும். கீழ்த்தட்டு மெத்தைகளை ஒதுக்கி, முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, மைக்கை வாய்க்கருகே இழுத்து வைத்துக்கொண்டு, சறுக்குக் கதவை உள்ளிருந்தே சாத்திக்கொள்வாள். இத்தனையும் செய்துவிட்டு, பாட மாட்டாள். கிசுகிசுப்பாள்.

வராபி என்ற ஊரில் ரயில் பாதையை ஒட்டிய அந்த மரக் கட்டடத்தில் சுவர் என்பது பேருக்குத்தான். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கிருந்தே வாழ்த்திவிடலாம். பக்கத்து வீட்டு ஓனுகி ராத்திரியில் டாக்ஸி ஓட்டிவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர். மற்ற வீடுகள் ராத்திரியில் தூங்கும். ஆக, ஒரு மனுஷி வாய்விட்டுப் பாடுவதற்கென்று அந்தக் கட்டடத்தில் நேரமே கிடையாது. குடிவந்த புதிதில் சினாமி வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடினாள். ஒரே வாரத்தில் கீழே தபால் பெட்டிகளுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பகலில் உறங்குவோரும் இருக்கிறார்கள், பாட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுகிறோம் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். யார் பேரும் இல்லை. பேர் போடாமல் ஒட்டினால்தான் இன்னும் நன்றாக உறைக்கும்.

அன்றைக்கு மூடிய வாய்தான். அப்போதுதான் அவள் கணவன் தகுரோ ஒரு வோகோடரைத் தேடிப்பிடித்தான். வாயிலிருந்து சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, ராகத்தைக் கீபோர்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் சாதனம் அது. மைக்கில் முணுமுணுத்தால் போதும். இவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டையை அழுத்த, அவள் கிசுகிசுப்பு தகரத் தொண்டையோடு ரோபோ பாடுவதுபோல வெளியே வரும். அவள் சுருதி சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். கல்லூரியில் மேடையை அதிரவைத்தவளுக்கு இந்தப் பிழைப்பு.

ஆனால் ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் செய்து இணையத்தில் ஏற்றும் பாட்டுகளில் அவர்களுடையதற்கென்று ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்தது. இது எந்தக் கம்பெனி சாஃப்ட்வேர் குரல் என்று அந்தக் கூட்டத்துக்குள் சண்டை வேறு. "மனுஷி பாடினா இவ்வளவு சுத்தமா வராது" என்று ஒருத்தர் எழுதியதைத் தகுரோ பெருமையாகப் படித்துக் காட்டினான். சினாமி சிரித்து வைத்தாள். பாராட்டுத்தான், ஆனால் யாருக்கு என்றுதான் விளங்கவில்லை.

அவளுக்குப் பகலில் இன்னொரு குரல் உண்டு. வாட்டர் ஹீட்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் நாள் பூரா, மூக்கின் நுனியிலிருந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் தொண்டையில் அந்த மன்னிப்புதான் மிச்சம் இருக்கும். தகுரோவும் சளைத்தவனில்லை. விடிவதற்கு முன்பே பார்சல் கிடங்குக்குப் போய்ப் பெட்டி தூக்கிவிட்டு, மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவான். இரண்டு பேரும் களைத்திருந்தார்கள். களைத்தவர்கள் ஒருவரையொருவர் திட்டுவதில்லை, அதற்கும் தெம்பு வேண்டும்.

பத்துப் பாட்டுகளை ஒரு தொகுப்பாகப் போட முடிவானபோது, கடைசிப் பாட்டு சினாமியே எழுதியது. அதைப் பற்றி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"இத மட்டும் மெஷின் இல்லாம பாடவா? என் குரல்லயே?"

"பாடலாம் பாடலாம். மொதல்ல ஒரு நல்ல வீடா மாறுவோம்."

"ஆறு வருஷமா மாறிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"ஏய், இடுப்பு வலிக்குதுடி. அப்புறம் பேசலாமா?"

அப்புறம் என்பது அந்த வீட்டில் ஒரு அலமாரி. உள்ளே போட்டது திரும்ப வந்ததில்லை.

அவள் கேட்டது பெரிய ஆசையுமில்லை. தன்னிடம் இன்னும் ஒரு குரல் இருக்கிறதா, அது கேட்கும்படி இருக்கிறதா, அதைத் தகுரோ சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு காலத்தில் அந்தக் குரலைக் கேட்டுத்தானே பின்னாலேயே வந்தான்.

விடுமுறை நாளில் மைக்கையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் எதிரே, அறையை வாடகைக்கு எடுத்துப் பாடும் கரோக்கே கடைக்குப் போனாள். வீட்டில் பாட முடியாதவர்கள் பாதிப் பேர் அங்கே போய்த்தான் பதிவு செய்வார்கள். காலையில் வாடகை மலிவு. அறையிலிருந்த பாட்டுப் பெட்டியின் சத்தத்தை அணைத்துவிட்டு, தங்கள் இசையைக் காதில் மாட்டிக்கொண்டு பாடினாள். துருப்பிடித்த குழாயைத் திறந்த மாதிரி முதலில் காற்றுதான் வந்தது. மேல் சுருதி எட்டவில்லை, கீழே இருமல். பக்கத்து அறையில் ஓய்வு பெற்ற கிழவர்கள் படகுப் பாட்டை ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பாடிக்கொண்டே போகப் போக நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அவள் அழவும் செய்தாள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசியாகப் பாடியதைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்து, "கடைசிப் பாட்டு பாடி வச்சிருக்கேன். கேட்டுட்டுச் சொல்லு" என்று மட்டும் தகுரோவுக்குச் செய்தி அனுப்பினாள். ஹெட்போனை மாட்டியதும் திடுக்கிடுவான் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது. "சூப்பர். சொல்லெல்லாம் இவ்வளவு தெளிவா வந்ததே இல்ல. மிக்ஸ் பண்ணி ஏத்தியும் விட்டாச்சு."

இயர்போனை மாட்டினாள். பாட்டு தொடங்கியது. அதே தகரத் தொண்டை. இருமல் இல்லை, விரிசல் இல்லை, அவளும் இல்லை.

என்ன நடந்தது என்று அந்தக் கணமே புரிந்துவிட்டது. இவர்களைப் போல வீட்டில் பாட்டு செய்கிறவர்கள் செய்யக்கூடிய தவறுதான். தகுரோ ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாகத் தொடங்குவதில்லை. போன பாட்டின் அமைப்பையே நகலெடுத்து வைத்திருப்பான். குரலுக்கான வரிசையில் வோகோடர் ஏற்கெனவே மாட்டியிருக்கும். எதைக் கொண்டுவந்து போட்டாலும் ரோபோவாகத்தான் வெளியே வரும். போட்டிருக்கிறான், கேட்டிருக்கிறான், திருப்தியாகிவிட்டான். இரண்டு ஸ்டேஷன் தள்ளித்தான் இறங்கினாள்.

மறுநாள் மத்தியானம் தகுரோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சோற்று உருண்டையைத் தின்றுகொண்டிருந்தான். சினாமி பின்னாலிருந்து ஹெட்போனை அவன் காதில் மாட்டி, வோகோடர் பொத்தானை அணைத்து, பாட்டை ஓடவிட்டாள்.

கொஞ்ச நேரம் மென்றுகொண்டே கேட்டான். பிறகு மெல்லுவதை நிறுத்தினான்.

"யாரு இது?"

சினாமி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

"உன் ஆபீஸ் ஆளா? நம்ம பாட்டப் போயி பாடியிருக்கு? பின்னால எவனோ படகுப் பாட்டு பாடுறான் வேற. கரோக்கேயா?"

"எப்படி இருக்கு?"

"சுமார்தான். சுருதி நிக்கல. வயசாயிடுச்சு போல. ஆனா..." காதை அழுத்திப் பிடித்துக்கொண்டான். "மேல போற எடத்துல என்னமோ பண்ணுது. யாருனு சொல்லேன்."

பாட்டு முடிந்தும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கரோக்கே அறையின் தொலைபேசி மணி அடித்தது, நேரம் முடியப்போகிறது என்று சொல்ல. எடுத்துப் பேசும் குரல் கேட்டது, மூக்கின் நுனியிலிருந்து, மிக மிக மரியாதையாக. "ஆமாங்க, ரொம்ப நன்றிங்க. நீட்டிக்க வேண்டாங்க. சிரமத்துக்கு மன்னிக்கணும்."

தகுரோவின் முகம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்கும் குரலை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது அவனுக்கு.

"சினாமி... நான்..."

"பரவால்ல விடு."

"இல்ல, தூக்கக் கலக்கம், அந்த ஹெட்போன் வேற பழசு..."

"ஹெட்போனா?" என்றாள் அவள். கோபம் இவ்வளவு தாமதமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "அலமாரிக்குள்ள ஒக்கார வச்சு ஒக்கார வச்சு, நான் எப்படிப் பாடுவேங்கறதே மறந்துட்டியேடா பாவி!"

"மெதுவா, மெதுவா. ஓனுகி சான் தூங்குவாரு."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அறையின் நடுவே நின்று, மைக் இல்லாமல், இசை இல்லாமல், அந்தப் பாட்டை முதலிலிருந்து பாடத் தொடங்கினாள். தகுரோ மெதுவா என்பதுபோலக் கையை உயர்த்தினான், பழக்கதோஷம். உயர்த்திய கை பாதியிலேயே நின்றுவிட்டது. முதல் சரணம் முடிவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து சுவரில் இடி விழுந்தது. டொம், டொம். அவள் நிறுத்தவில்லை. மேல் சுருதிக்குப் போனாள், எட்டவில்லை, திரும்பப் போனாள். தகுரோ சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பாட்டு முடியும் வரை சுவரில் மறுபடி இடி விழவில்லை.

பாடி முடித்ததும் மூச்சு வாங்கியது. கூடவே பயமும் வந்தது, வளர்ப்பு அப்படி. வீட்டில் யாருக்கோ கொடுப்பதற்காக வாங்கி வைத்திருந்த பயறு இனிப்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் மணியடித்தாள். தகுரோ மனைவியின் செருப்பைத் தப்பாக மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான்.

கலைந்த தலையோடு ஓனுகி கதவைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் அவள் அவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

"தூக்கத்தைக் கெடுத்துட்டேன். ரொம்ப மன்னிக்கணும்" என்று இடுப்பு வரை குனிந்தாள்.

அவர் பெட்டியை வாங்கிக்கொள்ளாமல் அவளையே பார்த்தார்.

"பாடினது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க. இனிமே..."

"முன்னாடி வெங்காயம் நறுக்கிக்கிட்டே ஒருத்தங்க பாடுவாங்க. கத்திச் சத்தமும் கேக்கும். அந்தக் குரல்தானே இது?" கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அப்ப தூங்க முடியலன்னு நான்தான் காகிதம் ஒட்டச் சொன்னேன். அதோட சத்தமே இல்ல. அந்தம்மா வீடு மாறிப் போயிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

பின்னால் தகுரோ தலையைக் குனிந்துகொண்டான். சினாமிக்கு வாட்டர் ஹீட்டர் கம்பெனியின் மரியாதைகள் எதுவும் வாயில் வரவில்லை.

"இல்லைங்க," என்றாள். "இங்கயேதான் இருந்தேன்."