நுரை இறங்கும் வரை

நுரை இறங்கிக்கொண்டிருக்கிறது, குவளையின் விளிம்புக்கு மேலே வெள்ளையாகப் பொம்மிக்கொண்டு நின்றது மெல்ல மெல்ல உட்காருகிறது, சின்னக் குமிழி உடைந்து பக்கத்துக் குமிழியோடு சேர்ந்து பெரிதாகி அதுவும் உடைகிறது, காதைக் கொண்டுபோய் வைத்தால், பொங்கிய மாவை விரலால் அமுக்கும்போது வருமே, அந்தப் பொடிச் சத்தம் கேட்கிறது, நான் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னா ஆன்ட்டி, பீரைப் போயி இப்படிப் பாத்துக்கினு இருக்கீங்க, குடிங்க, சூடாயிடப் போவுது என்று சிரிக்கிறாள் பிலோமினா, இது முதல் நாளா, அதற்குப் பிறகு எத்தனையோ நாட்களில் ஒரு நாளா, தெரியவில்லை, எனக்கு இப்போதெல்லாம் எல்லா நாளும் ஒன்றாகிவிட்டது, பெங்களூரில் அந்தச் சந்து, சந்துமுனையில் அந்தக் கடை, அவர்களே காய்ச்சி அவர்களே ஊற்றுகிற பீர்க் கடை, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குச் செப்பு அண்டாக்கள், மேஜைக்கு மேஜை பலகை தூக்கிக்கொண்டு நடக்கிற இந்தப் பிலோமினா, கோலார் தங்கவயல் தமிழச்சி, பலகை என்றால் அதில் குழி வெட்டி ஆறு குட்டிக் குவளைகளை நிறுத்தியிருப்பார்கள், ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று தேன், ஒன்று செம்பு, கடைசியில் இருப்பது கட்டங்காப்பி, பெரிய குவளை வாங்குவதற்கு முன்னால் எது வேண்டும் என்று ருசி பார்த்துக்கொள்ளத்தான், நானோ ருசி மட்டுமே பார்க்க வந்தவள், ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, நூல் புடவை, கழுத்தில் மஞ்சள் கயிறு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்து மேஜைப் பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டுமே, அவர்களா என்னை அனுப்பினார்கள், என்னை அனுப்பினவர் எதிர்மாடி ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்த கங்காதரன், வாயில் ஒரு துண்டு போட்டுப் பார்க்காமல் ஒரு தட்டு பன்னைக்கூட வெளியே விடாத மனிதர், அவருக்குப் போய்த் தொண்டையில் புற்று வந்தது, அதற்காகத்தான் இந்த ஊர், ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கச் சந்தில் மாடியில் ஓர் அறை, கரண்டு வைத்தார்கள், வைக்க வைக்கக் குரல் தேய்ந்து காற்று மட்டும் மிஞ்சியது, விழுங்க முடியாமல் போனதும் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள், கஞ்சியும் பாலும் குழாய் வழியாக நான்தான் ஊற்றுவேன், வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாதும்மா, நேரா நெஞ்சுக்குள்ள போயிடும் என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தாள், அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார், சாயங்காலமானால் எதிர்க்கடையில் விளக்கு எரியும், செப்பு அண்டா மினுங்கும், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் பேக்கரி விடிகாலையில் மணக்குமே, அதே புளித்த மாவு வாசனை மாடிக்கு ஏறி வரும், ஒருநாள் என் கையைச் சுரண்டிக் கூப்பிட்டார், காற்றுக் குரலில் சொன்னார், நீ போயி குடிச்சிட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லேன்.

நானா, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா என்று கத்திவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு அடுப்பறைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு பீர் குடிப்பார், கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று டம்ளரை நீட்டுவார், அய்ய, கழுவாத ஈஸ்ட் டப்பா நாத்தம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன், இப்போது கேட்கிறார், எனக்குத்தான் வாயைப் பூட்டியாச்சு, உனக்கு இன்னா வந்தது, போயேன், வலிக்கிறது என்றுகூட வாய் திறந்து சொல்லாத மனிதர், மாதக்கணக்கில் என்னிடம் எதையுமே கேட்காதவர், இதைக் கேட்கிறார், நான் எப்படிப் போகாமல் இருப்பேன், போனேன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தேன், ஓடி வந்தேன், கசப்பா இருக்குங்க என்றேன், முறைத்தார் பாருங்கள், வெறும் கசப்புன்னா இன்னா அர்த்தம், பாவக்காய்க் கசப்பா, வெந்தயக் கசப்பா, தீஞ்ச ரொட்டி ஓரத்துக் கசப்பா, இதைச் சொல்றதுக்கா உன்னை அனுப்பினேன், முட்டாளே, திரும்பப் போ என்றார், சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அந்த ஆஸ்பத்திரிச் சந்துக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகச் சிரித்தேன்.

அப்புறம் நிதானமாகக் குடிக்கக் கற்றுக்கொண்டேன், பிலோமினா சொல்லிக் கொடுப்பாள், ஆன்ட்டி, மொதல்ல மோந்து பாருங்க, அப்புறம் நாக்கு மேல உருட்டுங்க, முழுங்கின பொறவு மூக்கு வழியா மூச்சு விடுங்க, அப்பத்தான் பின்னாடி நிக்கிறது வரும், கோதுமையில் காய்ச்சியதை உருட்டினேன், பூவன் பழம், சத்தியமாகப் பூவன் பழம், அது போனதும் கிராம்பு, பழம் போடுறீங்களாடி என்றேன், பழமும் இல்லை ஒண்ணும் இல்லை ஆன்ட்டி, எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை என்றாள், படியேறி ஓடி வந்து இதைச் சொன்னதும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், ஈஸ்ட்டா, நம்ம ஈஸ்ட்டா, அட அயோக்கியப் பயலே, இத்தனை வருஷம் எங்கிட்ட வெறும் பன்னு மட்டும் பண்ணிக் குடுத்துட்டு இங்க வந்து வாழைப்பழம் காட்டுறியா என்று ஈஸ்ட்டைத் திட்டினார், கண்ணில் நீர் வரச் சிரித்தார், வலியில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இன்னொன்றில் நாரத்தை இலையைக் கசக்கின வாசம் என்பேன், செம்பு நிறத்தில் இருந்தது வறுத்த ரஸ்க்கைப் பாலில் நனைத்த மாதிரி என்பேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், நான் சொல்லச் சொல்ல அவர் தொண்டை ஏறி இறங்கும், வாயில் ஒன்றுமே இல்லை, எச்சில்கூட வற்றிப்போயிருந்தது, ஆனாலும் விழுங்குவார், நான் பார்ப்பேன், இன்னொரு வார்த்தை தேடுவேன், அவர் இன்னொரு தடவை விழுங்குவார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பிடித்துப்போனது, அவருக்காகப் போகிறேன் அவருக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே சாயங்காலம் எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன், காலையில் குழாயைக் கழுவும்போதே இன்றைக்குப் புதுசாக என்ன திறந்திருப்பார்கள் என்று நாக்கு ஊறும், ஊரில் அந்தப் பக்கம் ஒரு கடை, ஏரிக்கரைப் பக்கம் ஒரு கடை என்று பிலோமினா வழி சொல்லுவாள், ஆட்டோ பிடித்துப் போவேன், எங்கே போனாலும் பலகையைக் கொண்டுவாப்பா என்று அதிகாரமாகக் கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டேன், வாழ்க்கையில் எனக்கென்று ஒரு ஆசை வந்தது, அது அவர் செத்துக்கொண்டிருந்தபோது வந்தது, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது, அவரிடம் சொன்னேன், எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்குங்க என்றேன், அவர் என் கன்னத்தைத் தட்டி, அதைத்தானே அத்தினி ஞாயித்துக்கிழமையும் சொன்னேன், கேட்டியா நீ என்றார், அன்றைக்குத்தான் ஒரே ஒரு தடவை அதையும் கேட்டார், ஒரு சொட்டு நாக்குல வெச்சா இன்னா ஆயிடும், நான் அவர் முகத்தைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்தேன், கூடாதுங்க என்றேன், சரி, சொல்லு என்றார், பிறகு கேட்கவே இல்லை.

கறுப்பு ஒன்று வரப்போகிறது என்று பிலோமினாதான் சொன்னாள், மழைக்காலத்தில் காய்ச்சி மரப் பீப்பாயில் ஊற்றி மூடி வைத்திருக்கிறார்களாம், கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான் திறப்பார்களாம், கருப்பட்டி போட்டுக் காய்ச்சியதாம், இதை வந்து சொன்னதும் அவருக்கு அதே நினைப்பாகிவிட்டது, கருப்பட்டியா, அப்ப இனிப்பு நிக்காது, ஈஸ்ட்டு தின்னுடும், வாசம் மட்டும் நிக்கும், இல்ல, கொஞ்சம் புகை நிக்குமோ, நாள் முழுக்க அவரே யோசிப்பார், கேட்டுனு வா, எப்பத் தொறக்கிறாங்கன்னு கேட்டுனு வா, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்ட அன்று, அவர் என் முகஜாடையிலேயே புரிந்துகொண்டார், அதெல்லாம் முடியாது, கறுப்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுத்தான் நான் கிளம்புவேன் என்றார், நானும் நம்பினேன், பீப்பாயைத் திறக்கிற வரைக்கும் இருப்பார் என்று நம்பினேன், கார்த்திகை முடிகிற சமயம், ஒரு காலை, கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து, ஏங்க என்றேன், ஏங்க என்றேன், ஜன்னல் பக்கம் திரும்பிய முகம் திரும்பவே இல்லை, கஞ்சி கையில் அப்படியே இருந்தது, வண்டியில் அவரை ஏற்றி அந்தச் சந்தைத் தாண்டும்போது கடை ஷட்டர் மூடியிருந்தது.

ஆரணியில் கருமாதிக்கு இரண்டு நாள் முன்னால், படையலுக்கு என்னென்ன வைக்கவேண்டும் என்று என் நாத்தனார் வேதவல்லி அண்ணி ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறாள், அவருக்கு மூத்தவள், தாய் மாதிரி, செத்தவருக்குப் பிடித்தது எதுவானாலும் இலையில் வைப்பது எங்கள் வழக்கம், கறிக்குழம்பு, சுருட்டு, சாராயம், எதுவானாலும், என் தம்பி எப்பவும் குடிக்கிற பீரு ஒண்ணு வாங்கியாந்து வெச்சுடு என்று யாரிடமோ சொல்கிறாள், அது வேணாம் அண்ணி, நான் போயி வேற கொண்டாறேன், பெங்களூர்ல நாங்க இருந்த ரூமுக்கு எதிர்க்கடைக்குப் போறேன் என்றேன், இன்னாடி சொல்ற, புருஷன் செத்து காரியம் முடியல, வாசப்படி தாண்டுறேன்ற, அதுவும் பீரு வாங்க, ஊரு காறித் துப்பாது என்று தலையில் அடித்துக்கொண்டாள், துப்பட்டும் அண்ணி, அவரு கேட்டது அது ஒண்ணுதான், வாயில ஒரு சொட்டுக் கேட்டாரு, நான் குடுக்கல என்றேன், சொன்னதும் உடைந்து அழுதேன், அவள் என்னையே பார்த்தாள், உனக்கு எப்படித் தெரியும் அந்தக் கடை என்றாள், நான் அங்க குடிப்பேன் அண்ணி, குடிச்சிட்டு வந்து அவருக்குச் சொல்லுவேன், அவரு கேப்பாரு, அவ்வளவுதான், அப்புறம் அவள் என்னைத் தடுக்கவில்லை, விடியற்காலை பஸ், ஜன்னலோரம், கழுத்தில் கடைசி நாள் மஞ்சள் கயிறு.

பிலோமினா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள், இன்னா ஆன்ட்டி, ஆளையே காணோம், நேத்துத்தான் கறுப்பைத் தொறந்தாங்க, அங்கிளுக்குச் சொல்லுங்க என்று பேசிக்கொண்டே போனவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள், அப்புறம் ஒரு குட்டிக் குவளையில் கறுப்பை ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள், நான் குவளையைக் கையால் மூடினேன், இல்லடி, இந்த ஒரு தடவை அவருதான் முதல்ல என்றேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பாட்டிலில் விளிம்பு வரை பிடித்து இறுக்கி மூடி, ஈரத் துண்டில் சுற்றி, ஆட்டாம எடுத்துனு போங்க ஆன்ட்டி, தொறந்ததும் ஊத்திடுங்க, இல்லாட்டி நுரை செத்துடும் என்றாள், வழி நெடுக மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இப்போது இலை போட்டாகிவிட்டது, என் கழுத்து வெறுமையாகிவிட்டது, போட்டோவுக்கு முன்னால் அவருடைய கண்ணாடி டம்ளர், ஞாயிற்றுக்கிழமை டம்ளர், சாய்த்துப் பிடித்து ஊற்றுகிறேன், கறுப்பு, மேலே பழுப்பாக நுரை பொம்மிக்கொண்டு எழும்புகிறது, விளிம்பைத் தாண்டி நிற்கிறது, கற்பூரம் காட்டிவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துகிறோம், செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகிற வரைக்கும் யாரும் உள்ளே பார்க்கக் கூடாது, வாசலில் நிற்கிறோம், அண்ணி கதவைத் தட்டிவிட்டுத் திறக்கிறாள், முதலில் உள்ளே போனவள் டம்ளரைப் பார்த்தாள், விளிம்புக்கு மேலே நின்றது இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது, ஐயோ, பாருங்கடி, என் தம்பி வந்து குடிச்சிட்டுப் போயிருக்கான், குடிச்சிட்டுப் போயிருக்கான் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள், எல்லாரும் அழுகிறார்கள், எத்தனை குவளைக்கு முன்னால் உட்கார்ந்தவள் நான், எனக்குத் தெரியும், நுரை உட்கார்ந்தால் அவ்வளவுதான் இறங்கும், எனக்கு நன்றாகத் தெரியும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

படையலைப் பங்கிடும்போது அண்ணி அந்த டம்ளரை எடுத்து வேறு யாருக்கும் கொடுக்காமல் என் கையில் வைத்தாள், நீ குடி, அவன் மிச்சம் வெச்சது உனக்குத்தான் என்றாள், நான் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், குமிழி ஒன்றுகூட இல்லை, காதைக் கொண்டுபோய் வைத்தாலும் சத்தம் இல்லை, குடிடி, எவ்வளவு நேரம் பாத்துனே இருப்ப என்கிறாள் அண்ணி, இருங்க அண்ணி, அவரு சொல்லட்டும் என்கிறேன், சொல்லுங்க, இந்தத் தடவை நீங்கதானே முதல்ல குடிச்சீங்க, எப்படி இருக்கு, கருப்பட்டி தெரியுதா, புகை நிக்குதா, கசப்புன்னா எந்தக் கசப்பு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன், அந்தக் காற்றுக் குரல்கூட இல்லை, என் தொண்டைதான் ஏறி ஏறி இறங்குகிறது, வாயில் ஒன்றுமே இல்லை.