மேடைக்குப் போகுமுன்

சீப்பு பாதியில் சிக்கிக்கொண்டது. ஐடெல்லா இழுக்கவில்லை. அம்மாவின் முடியை அடியோடு சேர்த்து இடது கையால் பிடித்துக்கொண்டு, சீப்பின் நுனியால் சிக்கை இழை இழையாக விடுவித்தாள். ஒரு காலத்தில் பாட்டுக் கச்சேரிச் சுவரொட்டிகளில் கறுப்பு மேகம்போல் எழுந்து நின்ற முடி. இப்போது இரண்டு சிறிய பின்னலுக்குக்கூடப் போதவில்லை.

"இறுக்கிக் கட்டு," என்றாள் அம்மா, மொசெல் டுப்ரீ, கண்ணைத் திறக்காமலே. "போன தடவ தொப்பி சரிஞ்சிருச்சு."

நேற்று முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இன்றோ நாளையோ என்று டாக்டர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஐடெல்லா குனிந்து, "எந்தத் தொப்பிம்மா?" என்றாள்.

"வெள்ள இறகு வச்சது. அம்மாங்கிற, கிண்டலா உனக்கு? வேலையப் பாரு டெஸ்ஸி."

டெஸ்ஸி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மொசெலுக்கு ஆடை உடுத்தி, தலைவாரி, மேடை ஓரம்வரை கொண்டுபோய் விடுகிறவளாக இருந்தவள்.

"ம்மா, நான் ஐடெல்லா. ஒன் பொண்ணு."

மொசெலின் புருவம் சுருங்கியது. காதில் விழாததைப்போல் விரல்களால் போர்வையைத் தடவினாள். "இந்த மடிப்பு சரியில்ல. இஸ்திரி போட்டியா இல்லையா?"

ஐடெல்லா இதற்கு முன்னும் இரண்டு மூன்று முறை திருத்திப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அம்மா பயந்து அழுததுதான் மிச்சம். மூன்று குளிர்காலமாக அவளைத் தூக்கி உட்கார்த்தி, துடைத்து, ஊட்டி, இடையில் தொலைபேசி நிலையத்து வேலைக்கும் ஓடி ஓடி, இனி வாதாட உடம்பில் எதுவும் இல்லை. போர்வையை நீவிவிட்டாள்.

"போட்டேங்க," என்றாள்.

அந்த 'ங்க' எளிதாக வந்துவிட்டது. ஜார்ஜியாவில், மேக்கன் ஊரில், பெரியம்மா பர்னீஸின் வீட்டில் வளர்ந்தபோது அவளும் அம்மாவை மற்றவர்களைப்போல 'மிஸ் மொசெல்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ, வா, போ எல்லாம் பிறகு நியூயார்க்கில், ஹார்லெமில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபின் வந்தவை.

சமையலறையில் பெரியம்மா கோழிச்சாற்றைக் கிளறும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே பனி, மழையாகவும் மாற முடியாமல் பனியாகவும் நிற்க முடியாமல் விழுந்துகொண்டிருந்தது.

"கூட்டம் எப்படி?" என்றாள் மொசெல்.

"நெறஞ்சிருக்குங்க."

"நம்மாளுங்க?"

"வந்திருக்காங்க."

"மாடியிலயா?"

ஐடெல்லா பின்னலின் நுனியை விரலில் பிடித்தபடி சற்று நின்றாள். ஒரு பெரிய ஊரின் பெரிய அரங்கில், கறுப்பர்களை மேல்மாடியில் மட்டும்தான் ஏற்றுவோம் என்று சொன்னதற்காக, பாடாமல், உடுத்திய ஆடையோடு கிளம்பி ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்துகொண்டவள் மொசெல். அதன்பின் ஒரு வருடம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பெரியம்மா மேக்கனில் ஊரார் துணியைத் துவைத்துத்தான் ஐடெல்லாவுக்குச் சோறு போட்டாள்.

"கீழ, முன்வரிசையிலங்க," என்றாள் ஐடெல்லா. "தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு, குடும்பம் குடும்பமா."

மொசெலின் வாய் லேசாக விரிந்தது. பல் இல்லாத சிரிப்பு. "அந்த மேனேஜர் மூஞ்சி எப்படி இருக்கு?"

"எலுமிச்சம்பழம் கடிச்சாப்புல இருக்கு."

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்."

ஐடெல்லா இரண்டாவது பின்னலை ஆரம்பித்தாள். அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது குரல் மறுபடி வந்தது. இம்முறை தாழ்ந்து, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"பொண்ணு வந்திருக்கா?"

ஐடெல்லாவின் கை நின்றது.

"வந்திருக்குங்க."

"வெளிய நிறுத்தி வை. பாட்டு முடியட்டும்."

அந்த 'வெளிய' எந்த இடமென்று ஐடெல்லாவுக்குத் தெரியும். நியூயார்க்குக்கு முதல்முறை பெரியம்மாவோடு ரயிலில் வந்த வருடம். ஒப்பனை அறைக்கு வெளியே குறுகிய நடை, சுவரில் தீயணைக்கும் மணல் வாளிகள், பவுடரும் வியர்வையும் கலந்த வாசம். புது உடுப்பு கழுத்தில் அரிக்க அரிக்க நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்தது. அம்மா வெளியே வந்து, நேரே பார்த்தபடி, பட்டுப் பாவாடை அவள் முழங்காலை உரசிக்கொண்டு போக, நடந்து போய்விட்டாள். ஒரு பார்வை இல்லை. சுவருக்குப் பக்கத்தில் இன்னொரு வாளி நிற்பதைப்போல.

அதற்கும் முன்னால் ஒரு திரைப்படம். மொசெல் வேலைக்காரி வேஷத்துக்கு ஏப்ரன் கட்டமாட்டேன், தட்டு தூக்கமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவள். படக்காரர்கள் அவளைத் தனியாக ஒரு தூணில் சாய்ந்து நிற்க வைத்து ஒரு பாட்டு எடுத்தார்கள். கதைக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தம் இருக்காது. தெற்கு மாநிலங்களுக்குப் படம் போனபோது, கறுப்புப் பெண்ணின் பாட்டில் மட்டும் கத்திரிக்கோல் போடச் சௌகரியமாக இருந்தது. மேக்கன் தியேட்டரின் மேல்மாடியில் பெரியம்மாவின் மடியில் உட்கார்ந்து ஐடெல்லா படம் முழுக்கக் கண் கொட்டாமல் காத்திருந்தாள். விளக்குப் போட்டுவிட்டார்கள். அம்மா வரவேயில்லை.

அது வெள்ளைக்காரன் வெட்டியது. நடையில் நடந்ததை யார் தலையில் கட்டுவது என்று இத்தனை வயதுக்கும் அவளுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, ஒரு தடவ பாத்துட்டுப் போனா என்ன?" என்றாள் ஐடெல்லா. டெஸ்ஸி இப்படிக் கேட்டிருப்பாளா என்று அவளுக்கு நிச்சயமில்லை. "சின்னப் புள்ள. எவ்வளவு தூரத்திலேந்து வந்திருக்கு."

"உனக்கு எத்தன தடவ சொல்றது." மொசெலின் குரலில் பழைய அதட்டல் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. "அந்த மூஞ்சியப் பாத்தா எனக்குத் தொண்ட அடச்சிக்குதுடி. அப்புறம் எங்கேருந்து பாடுறது? நான் பாடலன்னா அவளுக்கு எவ சோறு போடுவா? நீயா?"

ஐடெல்லா பின்னலைத் தொடர்ந்தாள்.

"ஆரஞ்சு வச்சிருந்தேனே. குடுத்தியா?"

"குடுத்தேங்க."

"தோல உரிச்சுக் குடு. புது கவுனு போட்டிருக்கா, கறையாக்கிக்குவா."

டெஸ்ஸி அன்று ஆரஞ்சு கொடுத்தாள்தான். சுளை சுளையாக உரித்து, கைக்குட்டையில் வைத்து. மேக்கனுக்குத் திரும்பிப் போகும் ரயிலில் ஐடெல்லா பெரியம்மாவிடம், இந்த ஊரிலேயே நல்ல பொம்பள அந்த டெஸ்ஸி ஒருத்திதான் என்று சொன்னாள்.

பின்னலைக் கட்டி முடித்தாள். அம்மாவின் தலையைத் தலையணையில் மெல்ல வைத்தாள்.

"நேரமாச்சா?" என்றாள் மொசெல்.

"இன்னும் இருக்குங்க. கொஞ்சம் கண்ண மூடிக்குங்க. நான் எழுப்புறேன்."

பெரியம்மா பர்னீஸ் கிண்ணத்தோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். தங்கையைவிட நான்கு வயது மூத்தவள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. நாக்கு மட்டும் போகவில்லை.

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சே. என்ன சொன்னா மகாராணி?"

"கூட்டம் எப்படின்னு கேட்டா."

"சாகக் கெடக்குறப்பவும் அதே கவலைதான் இவளுக்கு." பர்னீஸ் கரண்டியைத் தங்கையின் உதட்டில் வைத்துப் பார்த்தாள். சாறு ஓரத்தில் வழிந்தது. புறங்கையால் துடைத்தாள். "நீ என்ன சொன்ன?"

"நெறஞ்சிருக்குன்னேன்."

பர்னீஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "போய் அந்த நாற்காலியில சாயி. ஒன் மூஞ்சியப் பாத்தா யாரு நோயாளின்னு தெரியல," என்றாள்.

ஐடெல்லா சாய்ந்தாள். ஒரு நிமிடம் என்றுதான் நினைத்தாள். விழித்தபோது வெளிச்சம் தரையில் இடம் மாறியிருந்தது. பர்னீஸ் மொசெலின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப?"

"இப்பதான். சத்தமே இல்ல."

"ஏன் பெரியம்மா எழுப்பல?"

"நீயும் கொஞ்சம் தூங்கினா தேவலன்னு தோணிச்சு," என்றாள் பர்னீஸ். பிறகு, தங்கையின் கையை நீவியபடி, "நானும் சின்னதுலேந்து இவளைத் தனியாத்தானே பாத்துக்கிட்டேன்."

ஐடெல்லா எழுந்து போய் அம்மாவின் வாயைத் துடைத்தாள். தாடையை ஒரு துணியால் கட்டினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். முதுகு வலிதான் வந்தது.

பிராட்டன் சவ அடக்கக் கடைக்குச் சொன்ன பிறகு, செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. ஒரு பத்திரிகையிலிருந்து தொலைபேசி வந்தது. இளைஞன் ஒருவன், அவசரத்தில் இருந்தான்.

"அவங்க பணிப்பெண்ணா நடிச்சது எந்தப் படத்தில மேடம்?"

"எந்தப் படத்திலயும் இல்ல."

"அந்தக் காலத்துல கறுப்பு நடிகைங்க எல்லாரும்..."

"எல்லாரும் நடிச்சாங்க. பாவம், அவங்களுக்கும் வயிறு இருந்துச்சு. எங்கம்மா நடிக்கல. அதனாலதான் படமும் அதிகம் இல்ல. அத எழுதிக்குங்க."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம். "எங்ககிட்ட இருக்கிற குறிப்பில பிள்ளைங்க யாரும் இல்லன்னு இருக்கே. நீங்க அவங்களுக்கு..."

"பொண்ணு," என்றாள் ஐடெல்லா. குரல் தடித்து வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். "பொண்ணு. ஐடெல்லா. ரெண்டு 'எல்' போட்டு எழுதுங்க."

மாலையாகுமுன் பிராட்டனும் அவருடைய ஆட்கள் இருவரும் வந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடி. கறுப்புக் கோட்டின் தோளில் பனி உருகியிருக்க, பிராட்டன் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"திருப்பத்துல படுத்தவாக்குல திரும்பாதும்மா. கொஞ்சம் நிமித்தித்தான் எடுக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"எடுங்க," என்றாள் ஐடெல்லா.

பர்னீஸ் வாசலோடு நின்றுவிட்டாள். ஐடெல்லா பின்னால் இறங்கினாள். நான்காம் மாடித் திருப்பத்தில் ஆட்கள் இருவரும் உடலைக் கட்டியிருந்த பட்டைகளைச் சரிபார்த்து, ஒருவருக்கொருவர் தலையாட்டி, தூக்குப்படுக்கையை நிமிர்த்தினார்கள். வெள்ளைத் துணிக்குள் மொசெல் டுப்ரீ நேராக நின்றாள். கீழே ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் திறந்து, கம்பியைப் பிடித்தபடி ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவுக் கையோடு ஒருத்தி, வேலையிலிருந்து வந்து கோட்டுகூடக் கழற்றாத ஒருவர், குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி. எங்கோ ஒரு வீட்டில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே போய் அதை நிறுத்தினார்கள்.

"கால் பக்கம் மெதுவா," என்றார் பிராட்டன்.

அவர்கள் இறங்க இறங்க, கம்பியோரம் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். ஐடெல்லாவும் கடந்து போனபின், அந்தந்தத் தளத்துக் கதவுகள் ஓசைப்படாமல் சாத்திக்கொண்டன.